சோதிக்காத திட்டத்தில் ஆதிலட்சுமியின் பெயர்

விருத்தாசலத்தில், மின்கம்பங்களுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆதிலட்சுமி பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். டைப் அடிக்கச் சேர்ந்தவள், தானாகவே படித்துக் கம்ப்யூட்டர் அறையின் முழுப் பொறுப்புக்கும் வந்துவிட்டாள்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் ஐந்து தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஐந்து வி.எம்.கள் ஓடின. அதில் ஒன்று சூளைக்கு. எந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் என்ற கணக்கெல்லாம் அதில்தான். சர்வர் செத்துப்போனால் என்ன செய்வது என்று ஆதிலட்சுமி ஒரு மீட்புத் திட்டம் அமைத்திருந்தாள். ஐந்தின் நகலும் சென்னை அலுவலகத்து சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே ஏதாவது ஆனால், அங்கே அவை வரிசையாக ஓடத் தொடங்கும்.

ஒத்திகை பார்க்காத திட்டத்தை அவள் நம்பவில்லை. அதற்காகச் சூளையை நிறுத்த மேனேஜர் குருமூர்த்தியிடம் அரை நாள் கேட்டாள்.

"அதான் ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா காட்டுதே. ஓடுற சூளைய என்னாத்துக்கும்மா நோண்டுற?" என்றார் அவர்.

பிறகு இரண்டு வருடத்தில் ஆறு முறை மெயிலில் கேட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

போன நவம்பரில் ஒரு காலை, மழையில் கூரை ஒழுகிச் சர்வர் கருகியது. ஆதிலட்சுமி மீட்பைத் தொடங்கினாள். சென்னையில் சூளை வி.எம். எழுந்தது, வெப்பக் கணக்கு மட்டும் அதில் இல்லை. இடம் போதவில்லை என்று குருமூர்த்தி அதே வருடம் மார்ச்சில் வெளி ஆளை வைத்துப் புது டிஸ்க் சேர்த்து, கணக்கையெல்லாம் அதற்கு மாற்றியிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் அந்த டிஸ்க் நகல் பட்டியலிலேயே இல்லை. ஒரே ஒரு ஒத்திகை பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

சூளைக்குள் முழு லோடு வெந்துகொண்டிருந்தது. "கையால ஓட்டுங்க" என்று குருமூர்த்தி உத்தரவு போட்டார். சூளை ஆபரேட்டர் தனக்கோடி பர்னரைத் திறக்கப் போனார். தீ வெளியே சீறி அவருடைய வலது கையை முழங்கை வரை சுட்டுவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவளிடம் தனக்கோடி கேட்டார்: "ஏம்மா, எல்லாத்தையும் நீ சோதிச்சுப் பாத்துட்டன்னு ஆடிட்டு பாரத்துல உம்பேரு போட்டிருக்குதாமே. மொதலாளிகிட்ட மேனேஜரு காட்டுனாராம். நெசமா?"

"இல்லண்ணே. என்னை சோதிக்கவே வுடல."

அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராகக் குருமூர்த்தி அறைக்குப் போனாள்.

"என் பேர யாரு சார் எழுதுனது?"

"ஆடிட்டுக்கு யாராச்சும் ஒரு பேரு வேணும். சிஸ்டம் பாக்குறது நீதானே? இதுல என்ன வந்துச்சு இப்ப?"

"உங்க பேர எழுத வேண்டியதுதானே?"

"மெதுவா பேசும்மா. வெளிய கேக்குது."

"கேக்கட்டும் சார்! அந்த மனுசன் கை வெந்து கெடக்குறாரு. நான்தான் காரணம்னு நெனச்சுட்டாரு."

ஆறு மெயிலையும் அச்செடுத்து முதலாளி மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு, "சரிம்மா, பழச கிழிச்சுட்டு புதுசா எழுதிக்கலாம்" என்றார்.

அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "கிழிக்கக் கூடாதுங்க. அதே தாள்ல என் பேர அடிச்சுட்டு, எழுதுனவரு பக்கத்துல கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் புது சர்வர நான் தொடமாட்டேன்."

புது சர்வர் பெட்டி பிரிக்காமல் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் குருமூர்த்தி கையெழுத்துப் போட்டார்.

அதன் நகலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனக்கோடி இடது கையால் வாங்கிப் படித்தார். "உம்பேரு போயிடுச்சு, சந்தோசம். என் கைக்கு யாரும்மா கையெழுத்துப் போடுறது?" என்றார்.

ஜனவரியில் சூளையை நிறுத்தி முதல் ஒத்திகை நடந்தது. மூன்றாவது வி.எம். எழவில்லை. சரிசெய்து, மறுபடி பார்த்தாள். தனக்கோடிக்கு இரண்டு விரல் மடங்கவில்லை, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். குருமூர்த்தி அதே நாற்காலியில்தான் இருக்கிறார். காலையில் அவர் வணக்கம் சொன்னால் ஆதிலட்சுமி திருப்பிச் சொல்வதில்லை. இன்னுமா கோபம் ஆறவில்லை என்று கேட்பவர்களிடம், ஏன் ஆற வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.