ஒரே கோடு

ராயபுரத்தில் ஒரு ரத்த வங்கியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்காக நெட்டுக்குப்பத்திலிருந்து எட்டு மீனவர்கள் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொருவரிடமும் படித்துக் கேட்க வேண்டும். அவசரத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டங்களின் மேல் ஒரே கோடாக இழுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

"இன்னாம்மா, காமாலை வந்தவன் ரத்தம் குடுக்கக் கூடாதாமே? வார்டுல பேசிக்கினு கீறாங்க. எனக்கு மூணு வருசம் முன்னாடி வந்துச்சு."

அவருடைய ரத்தம் பரிசோதனையில் தேறி வார்டுக்குப் போய்விட்டிருந்தது. பழைய காமாலை சில சமயம் அந்தப் பரிசோதனையில் அகப்படாது. அதனால்தான் வாயால் கேட்கச் சொல்கிறார்கள்.

வார்டுக்கு ஓடினேன். மாடிப்படியில் இரண்டு முறை கால் தடுக்கியது. கட்டிலருகே அவர் கொடுத்த ரத்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் குழாயைக் கையில் எடுத்திருந்தார்.

"அத ஏத்தாதீங்க சிஸ்டர்."

வேறு பை ஏற்றினார்கள். அந்தப் பெண் பிழைத்தாள்.

நான் கீழே வந்தபோது அந்த மீனவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "தப்பு என்னுதும்மா. நானா சொல்லிருக்கணும்," என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, பதில் வரும்வரை பேனாவைத் தூக்கியே வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.