சரயேவோவில் உட்கார்ந்து விளையாடிய ஞாயிற்றுக்கிழமை

2010 செப்டம்பர் 22, புதன்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டுக் காலை ஐந்தரைக்குக் கல்முனைக்குடியில் வாடகை வான் வண்டியில் ஏறினோம், நானும் என் கணவர் நியாஸும். போகும் ஊர் சரயேவோ, பொஸ்னியாவின் தலைநகரம். "மக்காவுக்கு உம்ரா போகாம அங்க என்னத்துக்குப் போற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நியாஸ் ஒருவருக்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. இங்கே நான் சொல்லிவிடுகிறேன்: கரப்பந்து விளையாடப் போனோம்.

நியாஸுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சுனாமியன்று எங்கள் வீட்டுச் சுவர் அவர் மேல் விழுந்தது. காயம் பழுத்து, நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரம்வரை அவர் எங்கள் கடற்கரைக் கழகத்தின் அடிக்காரர். வலைக்கு மேலே எழும்பி அவர் அடிக்கும் பந்தைத் தடுக்கச் சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர்வரை ஆள் இல்லை என்பார்கள். அந்தக் கழகத்தில் உயிரோடு மிஞ்சியவர்கள் நான்கு பேர்.

2005 பெப்ரவரியில் எங்கள் முகாமுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றோடு வெளிநாட்டு உதவிக் குழு வந்தது. அதில் மெக்கானிக்காக வந்தவர் எமிர், சரயேவோக்காரர். அரைக் காற்சட்டை போட்டு, இரும்புக் கால் வெளியே தெரிய முகாம் முழுக்க நடந்து திரிந்தார். நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவள் என்பதால் அவருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் நியாஸின் கட்டிலருகே வந்து அவர் சொன்னார்: "எங்கள் ஊரில் யுத்தத்தில் கால் போனவர்கள் தரையில் உட்கார்ந்து கரப்பந்து விளையாடுகிறார்கள். உலகத்திலேயே நன்றாக விளையாடுகிறார்கள். உங்கள் நாட்டுச் சண்டை முடிந்ததும் வா."

அப்போது நியாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் எமிரின் மின்னஞ்சல் நிற்கவில்லை. 2007இல் ஒரு சோதனைச் சாவடியில் நியாஸைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, எல்லோர் முன்னாலும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. அந்தக் காலைக் கழற்றினால் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் மகள்கூட வெட்டிய காலைப் பார்த்ததில்லை. சண்டை முடிந்து ஒரு வருடம் கழித்து, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார்:

"ஹசீனா, எமிர்ர ஊருக்குப் போக விசா எங்க எடுக்கிற?"

விசா புதுடெல்லியில். கடவுச்சீட்டுகளைக் கூரியரில் அனுப்பினோம். எமிரின் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், என் பாடசாலைக் கடிதம் எல்லாம் வைத்தும் ஏழு வாரம் எடுத்தது. விமானச் சீட்டு ஒருவருக்கு 118,500 ரூபா. மகளை என் ராத்தாவிடம் (அக்காவிடம்) விட்டோம்.

அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாகக் கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். சண்டைக் காலத்தில் சோதனைக்காகப் பத்து இடத்தில் இறங்கி ஏறிய பாதையில் இரண்டு இடத்தில் மட்டும் வானை நிறுத்தினார்கள், இரண்டு இடத்திலும் சாரதியோடு கதைத்துவிட்டு விட்டார்கள். பின்னேரம் நாலரைக்குக் கட்டுநாயக்காவில் இருந்தோம். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் விமானம். கொழும்பிலிருந்து டோஹா, அங்கிருந்து இஸ்தான்புல், பிறகு சரயேவோ. காத்திருப்போடு சேர்த்து 21 மணித்தியாலம். நீண்ட பறப்பில் வெட்டிய கால் வீங்கும். செயற்கைக் காலைக் கழற்றி வையுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்டும் நோகல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.40க்கு இறங்கினோம். நாலா பக்கமும் மலை, நடுவில் நகரம். எமிர் ட்ராம் திருத்தும் பட்டறையில் மூன்று மணிவரை வேலை என்று எழுதியிருந்ததால் டக்ஸி பிடித்தோம். பழைய நகரத்துக்கு 12 கிலோமீற்றர், 20 மார்க். (அந்த நாட்டுக் காசு மார்க். நாங்கள் போன நேரம் ஒரு மார்க் சுமார் 75 ரூபா.) சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். நியாஸ் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்ததைக் கண்டுவிட்டார்.

"கண்ணிவெடியா, மைன்?" என்று கேட்டார்.

"இல்லை. கடல்" என்றேன்.

அவர் கண்ணாடியில் எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆற்றைத் தாண்டியதும் சொன்னார். "இந்த ஊரில் காலில்லாதவர்களுக்கெல்லாம் காரணம் மைன் அல்லது ஷெல் குண்டு. கடல் காலை எடுக்கும் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்." மிச்ச வழியெல்லாம் சுனாமியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்லச் சொல்ல, நியாஸ் ஜன்னலுக்கு வெளியே சுவர்களிலிருந்த ஷெல் துளைகளைப் பார்த்தபடி இருந்தார்.

தங்குமிடம் பாஷ்சார்ஷியா என்ற பழைய கடைத்தெருவில், இரண்டாம் மாடி. இருவருக்கு நாளுக்கு 60 மார்க், காலைச் சாப்பாட்டோடு. படி இருபத்திரண்டு, லிஃப்ட் இல்லை. கால் பிரச்சினை உள்ளவர்கள் கீழ் அறை கேட்டு எடுங்கள். நாங்கள் கேட்கவில்லை, கேட்க நியாஸ் விடவில்லை.

சனிக்கிழமை காலை ஊர் பார்க்கக் கிளம்பினோம். துருக்கியர் காலத்துக் கடைத்தெரு, நடுவில் மரத்தாலான குடிநீர்க் கூடம், அதைச் சுற்றிப் புறாக்கள். கொஞ்சத் தூரத்தில் கத்தோலிக்கத் தேவாலயம், சேர்பியத் தேவாலயம், யூதர்களின் பழைய ஆலயம். எல்லாம் நடந்து போகும் தூரம். முதலாம் உலக யுத்தத்துக்குக் காரணமான துப்பாக்கிச் சூடு நடந்த பாலத்தடி மூலையையும் பார்த்தோம். நடைபாதையில் ஆங்காங்கே ஷெல் விழுந்த குழிகளைச் சிவப்புப் பசையால் நிரப்பியிருக்கிறார்கள். ஆட்கள் செத்த இடங்கள். எங்கள் பக்கத்திலும் அப்படி நிரப்பத் தொடங்கினால் எத்தனை வாளி வேண்டும் என்று யோசித்தேன். அதை நியாஸிடம் சொல்லவில்லை.

மேலே கோட்டைவரை ஏற வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். முக்கால் மணித்தியாலம் ஏறினோம். வெள்ளைக் கல்லறைக் கற்கள் நிறைந்த யுத்தகால மையவாடி வழியில் இருக்கிறது. அங்கே இறந்தவர்களுக்காக யாசீன் ஓதிவிட்டு மேலே போய்ச் சேர்ந்தோம். நகரம் முழுக்கக் காலடியில் தெரிந்தது. இறங்கும்போது மழை தூறியது. கருங்கல் பதித்த செங்குத்தான தெரு. செப்புப் பாத்திரக் கடைகளின் வரிசைக்கு வந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். செயற்கைக் காலின் பாதம் கணுக்காலடியில் உடைந்து தொங்கியது. நியாஸ் என் தோளைப் பிடித்தபடி ஒரு கடைவாசல் படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆக்கள் பாக்கிறாங்களா?" என்றார்.

"ஒருத்தரும் பாக்கல்ல."

உண்மையில் கடைக்காரர் பார்த்துவிட்டார். வெளியே வந்து, உடைந்த பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு முக்காலியும் இரண்டு கோப்பை கோப்பியும் கொண்டுவந்து வைத்தார். "என் தம்பிக்கும் ஒன்று இருக்கிறது. வலது" என்றார், செருப்பு அளவைப் பற்றிச் சொல்வதுபோல. அவருடைய தொலைபேசியில் எமிரைக் கூப்பிட்டோம். இருபத்தைந்து நிமிடத்தில் காரில் வந்தார். டிக்கியில் இருந்து ஒரு சோடி ஊன்றுகோல் எடுத்து நியாஸின் மடியில் போட்டார்.

"திருத்தும் இடம் திங்கட்கிழமைதான் திறக்கும். விளையாட்டு நாளைக்கு ஆறு மணிக்கு. உட்கார்ந்து விளையாடக் கால் எதற்கு?" என்றார்.

நியாஸ் ஊன்றுகோலை ஊன்றி எழும்பினார். அறைக்கு வந்து கட்டிலில் படுத்தவர் ஞாயிறு நண்பகல்வரை எழும்பவில்லை.

"நான் போகல்ல."

"போகல்லண்டா? இவ்வளவு தூரம் வந்தது இறைச்சி அடைச்ச பொரேக் திங்கவா?"

"கால் சரியாகட்டும். காற்சட்டைய மடிச்சிக் குத்திக்கிட்டு, தொங்கித் தொங்கி என்னால போக ஏலா."

"அங்க வாறவங்க எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"அவங்களுக்குப் பழக்கம். எனக்கு இல்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சி வருஷமா நானும் புள்ளயும் கதவுக்கு வெளிய நிக்கிறம். அது எங்களுக்கும் பழக்கமில்ல" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கலியாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் அவரிடம் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். காற்சட்டையை மடித்து என் ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். "தொழுதுட்டு வாறன். நீ வராத" என்றார். இருபத்திரண்டு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பெரிய பள்ளி தெருவுக்கு அப்பால்தான், ஜன்னலிலிருந்து முற்றம் தெரியும். தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழு எடுக்க நீர்த்தாரையடியில் உட்கார்ந்தார். இருக்கிற ஒரு காலைக் கழுவினார். நியாஸ் எழும்பும்போது பக்கத்தில் இருந்தவர் ஊன்றுகோலைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போனார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் நியாஸ் வியர்வையோடு மேலே ஏறி வந்தார்.

"பேக்க எடு. நேரம் போகுது."

எமிர் வந்து எங்களை ட்ராமில் கூட்டிப்போனார். சாரதியிடம் எடுத்தால் சீட்டு 1.80 மார்க், கடையில் 1.60. படி உயரம், எமிர் மேலே நின்று கை கொடுத்தார். விளையாட்டு மண்டபம் ஒரு பாடசாலையினுடையது. வாசலோரம் பதினைந்து பதினாறு செயற்கைக் கால்கள் சப்பாத்தோடு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, பள்ளி வாசலில் செருப்பு விடுவதுபோல. நியாஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

வலை என் இடுப்புக்கும் கொஞ்சம் மேலே. மைதானம் சிறியது. பந்தை அடிக்கும்போது பிட்டம் தரையை விட்டு எழும்பக் கூடாது, அதுதான் முக்கியமான சட்டம். கையால்தான் நகர வேண்டும், அதே கையால்தான் அடிக்கவும் வேண்டும். முதல் அரை மணித்தியாலம் நியாஸ் ஒரு பந்தையும் தொடவில்லை. பந்து வரும்போது கை தரையில் இருக்கும், கை மேலே வரும்போது பந்து போய்விடும். இரண்டு கால்களும் இல்லாத நரைத்த தலைக்காரர் ஒருவர் அவரைச் சத்தம்போட்டுத் திட்டினார். எமிர் மொழிபெயர்த்தார்: "நீ விருந்தாளி என்று பந்துக்குத் தெரியாது என்கிறார்."

பிறகு ஆட்டம் தொடங்கியது. நியாஸின் பக்கம் முதல் சுற்றை 25-11 என்று தோற்றது. இரண்டாவது சுற்றில் எமிர் வலையோரம் பந்தை மெல்ல உயர்த்திக் கொடுத்தார். நியாஸ் இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையை வீசி அடித்தார். அந்தச் சத்தத்தை நான் எங்கள் கடற்கரையில் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். பந்து எதிர்ப் பக்கத்து மூலையில் விழுந்தது. நான் மண்டபமென்றும் பார்க்காமல் கூவிவிட்டேன். அப்படி அவர் இரண்டு புள்ளி எடுத்தார். 25-17, மீண்டும் தோல்வி. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அரைக் காற்சட்டையோடு, வெட்டிய காலை நீட்டியபடி, பதினைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

நரைத்தவர் பக்கத்தில் நகர்ந்து வந்து, "உங்கள் கரையில் எங்களைப் போல எத்தனை பேர்?" என்று கேட்டார். நியாஸ் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "நிறையப் பேர்" என்றார். "ஓர் அணிக்கு ஆறு பேர் போதும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை புதிய பாதம் பூட்டினோம், 180 மார்க். செவ்வாயன்று, நகரம் முற்றுகையில் இருந்தபோது தோண்டிய சுரங்கப் பாதையைப் பார்த்தோம். இலிஜாவரை ட்ராம், பிறகு டக்ஸி, நுழைவு 5 மார்க். குனிந்து நடக்க வேண்டும், ஆனால் திறந்திருக்கும் பகுதி இருபத்தைந்து மீற்றர் அளவுதான். புதன்கிழமை திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். விசாவுக்கு இரண்டரை மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசியிலேயே காலையில் குளிர் எலும்பைத் தொடும். பழைய நகரத்தில் இறைச்சிக் கடைகள் பெரும்பாலும் ஹலால், மற்றப் பக்கங்களில் கேட்டுச் சாப்பிடுங்கள். செவாப்பி என்ற இறைச்சியும் ரொட்டியும் 6 மார்க், ஒருவருக்குத் தாராளம். சோறு தேடும் நாக்குக்கு மாசிச் சம்பல் கொண்டுபோங்கள். நகருக்கு வெளியே மலைகளில் இன்னும் மைன் உண்டு, பலகையைத் தாண்டி ஓர் அடியும் வைக்க வேண்டாம். செயற்கைக் கால் உள்ளவர்கள் மழையில் கருங்கல் தெருவில் இறங்காதீர்கள், ஊன்றுகோல் ஒரு சோடி ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.

நிறையச் செலவழித்து இரண்டு புள்ளி எடுக்கவா போனீர்கள் என்று இப்போதும் கேட்கிறார்கள். அவர்களைச் சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு வரச் சொல்கிறேன்.

ஊருக்கு வந்ததும் நியாஸ் மோட்டார் சைக்கிளில் மருதமுனையிலிருந்து திருக்கோவில்வரை ஆள் தேடினார். இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். சுனாமியில் கால் போனவர் இரண்டு, சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) போனவர் ஒன்று, மற்றவர்களுக்கு மைனும் ஷெல்லும். தம்பிலுவிலிலிருந்து வரும் சிவநாதன் மீன் பிடிக்கிறவர், விறகுக்குப் போன இடத்தில் மைன் வெடித்தது. அவரும் நியாஸும் எதிரெதிர்ப் பக்கம். நியாஸை எங்கள் ஆட்களைப் போலவே 'காக்கா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

போன சனிக்கிழமை சிவநாதன் அடித்த பந்து கோட்டடியில் விழுந்தது.

"வெளிய!" என்றார் நியாஸ்.

"என்ன காக்கா, கண் தெரியல்லயா? உள்ள!"

"நான் பக்கத்தில இரிக்கன். வெளிய எண்டா வெளிய!"

இருவரும் தரையில் கையை அடித்து அடித்துச் சண்டை பிடித்தார்கள். சிவநாதனின் மனைவி என் காதுக்குள், "அக்கா, இவங்க எந்த நாளும் இப்பிடித்தானா?" என்றாள்.

"ஓம் தங்கச்சி. தொடங்கின நாள்ல இருந்து."

கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோட்டுக்கு நேரே நின்றவள். பந்து உள்ளேதான் விழுந்தது. சிவநாதனுக்குப் புள்ளி கொடுத்தேன்.

வீடு போய்ச் சேரும்வரை நியாஸ் என்னோடு கதைக்கவில்லை.