அக்காவுக்குக் காய்ச்சல் ஏன் வந்தது?

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்கு வந்த நோய் என்னவென்று உங்களில் பலர் கேட்டீர்கள். தங்கை என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்கு அருகில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அக்கா பிறந்தார். பதினாறு வயதில் ஆயாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்மார்கள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனதும் அவர்களின் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். எத்தனை பிள்ளைகள் மூக்கொழுக அவர் தோளில் தூங்கினாலும் அவருக்கு ஒரு தும்மல்கூட வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவருடைய நாற்பத்து மூன்றாவது வயதில், அது மாறியது. பிள்ளைகளின் சளி மூன்று நாளில் போய்விடும். அக்காவை அதே சளி மூன்று வாரம் படுக்கையில் போடும். ஒரே ஆண்டில் நான்கு முறை நிமோனியா. செய்வினை என்றார்கள் சிலர். அத்தான் கயிறு மந்திரித்து வாங்கி வந்தார்.

"கட்டிக்கிறேன்லா," என்றார் அக்கா. "ஆனா சின்னப் புள்ளைக்குச் சரியாவுது, எனக்கு மட்டும் ஏன் ஆவல? அது எனக்குத் தெரியணும்."

கோலாலம்பூரில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தது. தைமஸ் என்ற சுரப்பியில் கட்டி. அப்படி ஓர் உறுப்பு இருப்பதையே நாங்கள் அன்றுதான் அறிந்தோம். கிருமிகளை எதிர்க்கும் சத்து அவர் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லை என்பதும் தெரியவந்தது.

கட்டியை அறுத்து எடுத்தார்கள். அத்தான் லயம் முழுவதும் பாயசம் கொடுத்தார். இரண்டே மாதத்தில் மறுபடியும் காய்ச்சல்.

"கட்டியத்தான் எடுத்துட்டீங்களே டாக்டர், சத்து ஏன் திரும்பி வரல?" என்று அக்கா கேட்டார்.

அங்கே அவரைப் பார்த்துவந்த தமிழ் மருத்துவர் மறைக்கவில்லை. "எங்களுக்கும் தெரியலம்மா. இந்தக் கட்டி வந்தவங்கள்ல சில பேருக்குத்தான் இப்படி ஆகுது. கட்டிய எடுத்தாலும் பெரும்பாலும் இது சரியாகறதில்ல. இனிமே நீங்க குழந்தைங்ககிட்ட போகக் கூடாது."

கடைசி வாக்கியத்துக்குத்தான் அக்கா அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என் ரத்தத்த எடுத்துப் பாருங்க. டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களும் வந்து பாக்கட்டும்," என்றார்.

இரத்தத்தில் இல்லாத அந்தச் சத்துக்குப் பதிலாக மாதந்தோறும் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும்போது மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். அவர்கள் ஒன்று கேட்டால் அக்கா மூன்று கேட்பார். நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின. கடைசி நிமோனியாவின்போது ஒரு மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிச்சா என் தங்கச்சிகிட்ட வந்து சொல்லும்மா," என்றார்.

மருத்துவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு லோரியில் எங்களை ஏற்றிச் சென்ற அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு ஏற்றிய மருந்து பலர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தது. கொடுத்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த நினைவு மலர் அப்படி இரத்தம் கொடுத்த உங்களில் ஒருவர் கைக்கு வந்தால் அறியுங்கள்: அதனால்தான் எங்கள் அக்கா மேலும் நான்கு தீபாவளிகளை எங்களோடு கொண்டாடினார்.