காய்ச்சல் விட்ட பிறகு அக்கா

2021 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. அக்கா விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டார். தேத்தண்ணி குடித்தார். அட்டை கடிக்காமலிருக்க இரு கால்களிலும் துணி சுற்றிக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா இறந்ததும் அம்மாவுக்குத் துணையாகக் கொழுந்து பறிக்கப் போனார். நான் பசறையில் தங்கிப் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். கொழுந்து நிறுக்கும்போது, "தராசு முள்ளு நிக்கட்டுங்க கங்காணி, அதுக்குள்ள எழுதாதீங்க" என்பார். கங்காணியே சிரித்துவிடுவார்.

ஆகஸ்டில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கொரோனா வந்தது. அக்காவுக்கும் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தோழி ராசாத்திக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். காய்ச்சல் விட்டு, மறுபரிசோதனையில் தொற்று இல்லை என்று முடிவு வந்ததும் நோய் தீர்ந்ததாகவே எல்லோரும் நம்பினோம். மேடு ஏறும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியதைப் பலவீனம் என்றோம். உட்கார்ந்தபடியே உறங்கியதை வாய்வு என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுத்தோம்.

அந்தச் செவ்வாய் மாலை நான் பசறையிலிருந்து வந்தபோது இருவரும் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, துணிய அவுத்து எவ்வளவு நேரமாச்சு, தடம் போகவே இல்லயே?" என்றார் ராசாத்தி.

"ஒனக்கு மட்டும் போயிருச்சாக்கும்? ஒன் கால காட்டு பாப்பம்."

"எனக்குக் கொழுப்புடி. ஒனக்கு என்ன?" ராசாத்தி சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அக்கா சிரிக்க முயன்றார். மூச்சு வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. தொழிற்சாலைக்குப் புறப்பட்ட கொழுந்து லொறியை மறித்து, சாக்குகளின் மேல் சாய்த்து உட்காரவைத்தோம். வளைவுக்கு வளைவு என் கையை இறுக்கிப் பிடித்தார். பிடி தளரும்போதெல்லாம் "அக்கா" என்று கூப்பிட்டேன்.

பதுளை வைத்தியசாலையில் தாதி விளக்கினார்: "கிருமி போயிருச்சு. ஆனா இதயத் தசையப் பாதிச்சிருக்கு. ரத்தத்தத் தள்ளப் பலமில்ல, அதான் கால்லயும் நெஞ்சுலயும் தண்ணி தேங்குது. எல்லாருக்கும் இப்படி வராது. வந்தா சீக்கிரம் காட்டணும்."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ராசாத்தி காலும் இப்படித்தான். அவளக் கூட்டிட்டு வா."

மறுநாள் லயத்துக்குப் போய் ராசாத்தியிடம் சொன்னேன். "மொதல்ல அவ வரட்டும். வேலைக்குப் போகலேன்னா பேரு விழாது, சம்பளமும் இல்ல" என்று ராசாத்தி மலைக்குப் போய்விட்டார். பார்க்க அனுமதித்த நேரமெல்லாம் அக்கா அதையே கேட்டார். "நாளைக்கு வர்றாங்க" என்றேன். வெள்ளிக்கிழமை பகலில் அக்காவின் இதயம் நின்றது. சனிக்கிழமை அடக்கம் செய்தோம்.

லொறியைத் திருப்பிய சாரதி, வைத்தியர்கள், தாதியர், குழி வெட்டிய தோட்டத்து இளைஞர்கள், அக்கா போன இந்த ஓராண்டும் எங்களைத் தனியே விடாத உறவினர்கள் அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

அன்று, அடக்கத்துக்கு மறுநாளான ஞாயிறு காலை, குழியில் பாலூற்றும் சடங்குக்கு எல்லோரும் கூடினார்கள். பால் செம்பை ஏந்திய ராசாத்தி, மயானத்துக்கு ஏறும் மேட்டுப் பாதையின் தொடக்கத்திலேயே மூச்சுவாங்கி நின்றுவிட்டார். நான் முச்சக்கரவண்டியை வரவழைத்தேன்.

"அவளுக்குப் பால ஊத்திட்டுப் போவமே தம்பி."

"வந்து ஊத்தலாம். ஏறுங்க."

செம்பை வாங்கி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக அவரைப் பதுளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன்.