பின்காற்றில் குதிக்கிறவர்

செயின்ட் ஜார்ஜ் என்கிற தீவு ஊரில் வின்ஸ்லோ பெய்ன்டருக்கு இரண்டு வேலை. வார நாட்களில் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரமாக இருப்பார்.

இரண்டாவது வேலையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ‘லாங்டெயில்’ என்கிற பந்தயப் படகு பதினாலடி நீளம்தான். மேல்தளம் கிடையாது, வெறும் மரக்கிண்ணம். அதன் தலைமேல் ஒரு வீட்டையே மூடுகிற அளவுக்குப் பாய். காற்றை எதிர்த்துப் போகும்போது ஆட்கள் விளிம்பில் ஏறி வெளியே சாய்ந்து தொங்காவிட்டால் அடுத்த நிமிஷம் எல்லோரும் தண்ணீரில்தான். அங்கே வின்ஸ்லோவின் உடம்பு ஒன்றரை ஆளுக்குச் சமம். எங்கே உட்கார வேண்டும் என்று அவர் யோசிப்பதில்லை, உட்கார்ந்த இடமே அவருக்குச் சொல்லிவிடும். கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் படகின் மூக்கு அலையில் குத்தும். கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் பின்பக்கம் அமுங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணை அவர் இருட்டில்கூடக் கண்டுபிடிப்பார்.

ஆனால் பாதி வழியில் கட்டியிருக்கும் மிதவையைச் சுற்றித் திரும்பிவிட்டால் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். அப்புறம் பாரம் எதற்கு? ஆறு பேரோடு கிளம்ப வேண்டும் என்றுதான் விதி. எத்தனை பேரோடு வந்து சேர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனவே ஒவ்வொருவராகக் கடலில் குதிப்பார்கள். சும்மா விழுந்தால் போதாது. பின்விளிம்பில் ஏறி, படகை ஓங்கி ஓர் உதை உதைத்துவிட்டுக் குதிக்க வேண்டும். படகு முன்னால் பாயும், ஆள் பின்னால் விழுவார். வேடிக்கை பார்க்க வரும் படகுகள் அவரைத் தூக்கிக்கொள்ளும். முதல் உதை எப்போதும் வின்ஸ்லோவுடையது. கறிவேப்பிலைப் பிழைப்புதான். இருந்தாலும் இருபது வருஷமாக மனிதர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இந்த வருஷம் ஏணி ஏறி ஏறி முழங்கால் போய்விட்டது. இதுதான் கடைசிப் பந்தயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று காலை உப்புமீனும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி வெர்டெல்லிடம் வாய்விட்டுச் சொன்னார்.

“முடிவுக் கோட்டைத் தாண்டறப்ப துப்பாக்கி வெடிப்பாங்கள்ல? அப்ப ஒரு தடவையாவது நான் படகுக்குள்ள இருக்கணும்.”

“அதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? படகு எங்க அண்ணனோடது. சாப்பிட்ட கையோட போய்க் கேளுங்க.”

கரையில் பாய்களை ஏற்றிக்கொண்டிருந்த எல்ராயிடம் போய்க் கேட்டார். எல்ராய் படகின் கேப்டன், பேச்சில் மிளகாய்.

“மாப்ளே, உன்னை உள்ள வச்சுக்கிட்டு ஜெயிக்கணுமா? அதுக்கு நங்கூரத்தைக் கட்டி இழுத்துட்டுப் போயிடலாமே!” என்றார். பிறகு வின்ஸ்லோவின் முகத்தைப் பார்த்தார். “சரி. இன்னைக்கு நீ குதிக்க வேணாம். இது வாக்கு.”

காற்றை எதிர்த்துப் போன பாதி அருமையாகப் போயிற்று. மிதவையை முதலில் சுற்றியது லாங்டெயில்தான். ஆனால் எதிரியின் சிவப்புப் படகு முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேர் உதைத்துக் குதித்தார்கள். மீதி எல்ராய், வின்ஸ்லோ, முன்னால் பாயின் மூங்கிலைப் பிடித்திருந்த ஆள். மூங்கிலை விட்டால் பாய் போய்விடும். அவனை அசைக்க முடியாது.

சிவப்புப் படகில் இரண்டே பேர். அது பக்கவாட்டுக்கு வந்துவிட்டது.

வின்ஸ்லோவுக்கு உட்கார்ந்த இடம் தகவல் சொன்னது. பின்பக்கம் அமுங்குகிறது. அமுக்குவது அவர்தான். எல்ராய் உதட்டைக் கடித்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தார். தோற்றாலும் குதிக்கச் சொல்லிக் கேட்க மாட்டார் என்று வின்ஸ்லோவுக்குப் புரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காரு.”

“பின்னாடி இழுக்குது மச்சான். உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியுது. உக்காரு.”

“நான் போறேன். ஆசையெல்லாம் போதும்.”

“வாக்குக் குடுத்தாச்சு. உன்னைத் தள்ளிவிட்டு ஜெயிச்சேன்னு தெரிஞ்சா உன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா?” என்ற எல்ராய், சுக்கானை வெடுக்கென்று வின்ஸ்லோவின் கையில் திணித்தார். “நேரா பிடி. அந்த வெள்ளைக் கூரையைப் பாத்துப் போ.”

“எந்தக் கூரை? ஊரே வெள்ளைக் கூரைதான்!”

“சர்ச்சுக்குப் பக்கத்துல இருக்கறது. நீ அடிச்சதுதானேய்யா!”

கேப்டன் குதித்து அந்த ஊர் கண்டதில்லை. உதைக்கவும் தெரியவில்லை, உதை கோணலாக விழுந்தது. ஆனால் எல்ராயின் தொப்பையும் லேசுப்பட்டதல்ல. அது இறங்கியதும் படகின் பின்பக்கம் நிமிர்ந்து கொண்டது. தண்ணீரின் இழுவைச் சத்தம் நின்றது. லாங்டெயில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வின்ஸ்லோ கூரையைப் பார்த்துப் பிடித்தார். கொஞ்ச நேரம்தான். அவருக்குப் பின்னால் நடுக்கடலில் ஒரு மனிதர், அதுவும் சட்டை செருப்போடு. நீந்திப் பல வருஷம் ஆனவர். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? சுக்கானை அசையாமல் இறுக்கிக்கொண்டு கழுத்தைத் திருப்பினார். அலைகளுக்கு நடுவே ஒரு தலை. முங்குகிறது, எழுகிறது.

துப்பாக்கி வெடித்தபோது அவர் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சாச்சு!” என்று மூங்கில்காரன் கத்தினான். வின்ஸ்லோ வேடிக்கை பார்க்க வந்த படகுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “அங்க போங்கய்யா! எங்க கேப்டன் கிடக்கார், முதல்ல அவரைத் தூக்குங்க!”

எல்ராயை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு காலில் செருப்பு இல்லை, மூக்கு வாயெல்லாம் உப்புத்தண்ணீர். இருமி முடித்து வின்ஸ்லோ பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, தண்ணிக்குள்ள இருந்து பார்த்தா நம்ம படகு இவ்வளவு அழகா ஓடுமா? இருபது வருஷமா இதை நீ ஒருத்தனே பாத்துக்கிட்டு இருந்திருக்கியேடா, பாவி!”