எண்ணெய்த் தலையும் மூளை மெஷினும்

வேங்கிக்காலில் இருந்த எங்கள் நரம்பியல் கிளினிக்கிற்கு அந்த மெஷின் வந்த வாரம், தலைக்கு ஷாக் வைக்கிறார்களாம் என்று ஊரே பேசியது. ஷாக்கெல்லாம் இல்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சைத் தலையில் கட்டி, எறும்பு ஊர்வதுபோல் லேசாகக் கரண்ட் விடுவோம். பிறகு நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பார்ப்போம். ரத்தம் ஓடுவது ஸ்பீக்கரில் புஸ் புஸ்ஸென்று கேட்கும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னை இன்றைக்கும் ஏங்கவைக்கும் சத்தம் அது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் அசதி இதனால் குறையுமா, ரத்த ஓட்டம் கூடுமா என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வயரின் மேல் ரப்பர் உரிவதுபோல் நரம்பின் மேலுறை உரிந்துபோகும் நோய் இது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை.

கலைவாணிக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டிபன் கடை. காலையில் நன்றாக இருப்பாள். தோசைக்கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் கால் துவளும், கண் மங்கும். பௌர்ணமிக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்துவிட்டால் மாமியார் முனியம்மாவுக்கு அது நடிப்பாகத்தான் பட்டது. இந்த வைத்தியத்துக்கும் எழுந்து நிற்காவிட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது கலைவாணி அழவில்லை. குழந்தையை மட்டும் தன்னோடு அனுப்புவார்களா என்று என்னைக் கேட்டாள்.

முதல் நாள் மாமியார்தான் கூட்டிவந்தார். மெஷினை ஆன் செய்தால், கான்டாக்ட் இல்லை என்றே காட்டியது. ஸ்பாஞ்சை மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் தலையைத் தொட்டுப் பார்த்தால் கையெல்லாம் எண்ணெய்.

“கரண்டு வெச்சா சூடு ஜாஸ்தியாயிடும்னு நான்தாங்க தேச்சி வுட்டேன்” என்றார் முனியம்மா.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தலையை அலசிக்கொண்டு வரச் சொன்னேன். அவரே மருமகளை பாத்ரூமுக்கு அழைத்துப்போனார். எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீர்தானே ஊற்றுவோம். கீசரைப் போட்டு, சுடச்சுட ஊற்றித் தேய்த்திருக்கிறார்.

சிஸ்டர் என்று அவர் கத்தியதும் ஓடினேன். கலைவாணி முழு பாரத்தையும் மாமியார் மேல் போட்டுச் சரிந்திருந்தாள். கால் இரண்டும் துணியாய்த் தொங்கின. உட்காரவைத்து, ஈரத்துணி போர்த்தி, ஃபேனைத் திருப்பினோம். உடம்பு சூடானால் இந்த நோயில் நரம்பு மக்கர் பண்ணும், ஆறினால் சரியாகும் என்று விளக்கினேன். முனியம்மா நனைந்த புடவையோடு நின்று கேட்டார்.

“அடுப்பாண்ட நின்னாலும் இப்படித்தான் ஆவுமா?”

ஆமாம் என்றேன். அவர் மருமகளின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

பிறகு வாரக்கணக்கில் சிகிச்சை நடந்தது. அசதி கொஞ்சம் கம்மி என்றாள் கலைவாணி. டாப்ளரில் ரத்த ஓட்டம் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். மெஷினால்தான் குணம் என்று டாக்டர் கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கூட வந்தவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள், உள்ளே கூப்பிடுங்கள்.

சிகிச்சை முடிந்து வந்த பௌர்ணமிக்கு கிரிவலம் போனவள் அவர்கள் கடையில் நின்றேன். தோசைக்கல் முன்னால் முனியம்மா வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். டேபிள் ஃபேன் எதிரே பார்சல் கட்டிக்கொண்டிருந்த மருமகள் உதவிக்கு எழுந்தாள்.

“நீ குந்து. இந்தச் சூடு என்னோட போவட்டும்” என்றார் முனியம்மா, திரும்பிப் பார்க்காமலே.