நடுக்கப் பெட்டி

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் பூமி எழுதியதை வாசித்தவள் ஒருத்தி எங்கள் சல்லி ஊர்க் கரையில் உண்டென்றால் அது நான்தான்.

இரண்டாவது உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருந்த ஒரு கல் அறையைத் தும்புத்தடியால் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. பூமி நடுங்கினால் அதைக் கீறி வைக்கும் கருவி அங்கே இருந்தது. பொறுப்பான வெள்ளைக்காரத் துரை அதைச் சீஸ்மோகிராப் என்பார். அவரிடம் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஐயா படித்தவர், பூகம்பமானி என்பார். என் வாய்க்குள் இரண்டும் நுழையவில்லை. நான் வைத்த பேர் நடுக்கப் பெட்டி. அதில் தொங்கிய இரும்புக் கட்டி எனக்குத் தூங்குகுண்டு. சுற்றும் உருளை மத்தளம்.

மத்தளத்தில் சுற்றும் தாளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கறுப்பாக்க வேண்டும். ஆண்கள் பிடித்தால் ஓரம் கருகும். என்னுடையது கண்மைக்குப் புகை பிடித்துப் பழகிய கை. ஒரு திட்டும் விழாது. அந்தக் கறுப்பில் ஊசி வெள்ளைக் கோடு கீறிக்கொண்டே போகும். பார்த்துப் பார்த்து அதன் போக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. பீரங்கி சுட்டுப் பழகும் நாட்களில் கோட்டில் சின்ன முள் விழும். கதவை அடித்துச் சாத்தினாலும் முள்தான்.

ஒரு நாள் காலை கோடு தாறுமாறாகக் கிடந்தது. துரை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கிளாக்கர் ஐயா என்மேல் பாய்ந்தார்.

"தும்புத்தடியாலை இடிச்சுப்போட்டுப் பேசாமல் நிக்கிறாய் என்ன?"

"நான் இடிக்கேல்லை ஐயா."

"பின்னை ஆர், பேயோ? இதின்ரை பேரே உனக்குச் சொல்ல ஏலாது. நாளைக்கு வராதை. வேறை ஆள் பாக்கிறம்."

என் வேலையில்தான் வீட்டில் உலை கொதித்தது. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

"ஓம், பேர் சொல்ல ஏலாதுதான். அதின்ரை குணம் தெரியும். இப்ப இடிக்கிறன், பாருங்கோ."

பெட்டி நின்ற மேடையைத் தும்புத்தடியால் ஓங்கி இடித்தேன். "ஐயையோ!" என்று கிளாக்கர் ஐயா தலையில் கை வைத்தார். ஊசி துள்ளி, ஒரே ஒரு முள்ளைக் கீறிவிட்டு அடங்கியது.

"இது என்ரை இடி. அங்காலை பாருங்கோ. முதல் சின்ன நடுக்கம், பிறகு பெருசு, பிறகு ஒடுங்கி ஒடுங்கி வால்மாதிரிப் போகுது. முழுப் பாரை மீன்ரை முள்ளு! அவ்வளவு நேரம் நிண்டு இடிக்க எனக்கென்ன விசரே?"

துரைக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். பின்னேரம் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. எங்கள் கோடு தாறுமாறான அதே நேரத்தில் அங்கேயும் ஊசி ஆடியதாம். தூரத்தில், கடலுக்கடியில் பூமி நடுங்கியதாம்.

மறுநாள் துரை ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, நான் வைத்த பேரைக் கேட்டார். அவற்றைத் தமிழில் எழுதி ஒட்டும்படி கிளாக்கர் ஐயாவிடம் சொன்னார். தூங்குகுண்டு, மத்தளம், நடுக்கப் பெட்டி. ஐயாவின் முகம் புளி தின்ற முகமாகிவிட்டது.

"பிழையில்லாமல் எழுதுங்கோ ஐயா" என்றேன்.

யுத்தம் முடியும்வரை அந்தக் கறுப்புத் தாளை வேறு கை தொடவில்லை.

பேத்தி, இஞ்சை வா. நான் எழுதின இதை ஒருக்கால் சத்தமாய் வாசி பாப்பம். நான் வைச்ச பேரை ஐயா எழுதின இடத்தை ரெண்டு தரம் வாசி, பிள்ளை.